பாரிஸில் ரயில் மாறுவது எப்படி: கேள்வி பதில்

லண்டனிலிருந்து யூரோஸ்டாரில் வந்து மார்செய் ரயிலைப் பிடிக்கணும். நடுவில் 50 நிமிடம். போதுமா அண்ணா?

யூரோஸ்டார் வந்து நிற்பது கார் து நோர் ('கார்' என்றால் பிரெஞ்சில் ரயில் நிலையம்). மார்செய் வண்டி கிளம்புவது கார் து லியோன். ஆர்.இ.ஆர். டி என்ற நகர விரைவு ரயிலில் நடுவே ஷாத்லே ஒன்றுதான் நிறுத்தம். பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். நேரத்தைத் தின்பது டிக்கெட் வரிசையும், பெட்டியோடு ஏறி இறங்குவதும், அந்தப் பக்கம் எந்த ஹால் என்று தேடுவதும்தான். மார்செய் வண்டி டி.ஜி.வி., அதாவது அதிவேக ரயில்; அதன் கதவு 2 நிமிடம் முன்பே மூடிவிடும். ஒன்றரை மணி நேரம் வையுங்கள்.

அதைவிட, வழியிலுள்ள லீல் நகரத்தின் லீல் யூரோப் நிலையத்தில் இறங்கி அங்கேயே மார்செய் வண்டிக்கு மாறலாம். அது பாரிஸுக்குள் நுழையாமல், விமான நிலையம் வழியாகச் சுற்றிப் போய்விடும். பக்கத்தில் லீல் ஃப்ளாந்த்ர் என்று இன்னொரு நிலையம் உண்டு, பார்த்து எடுங்கள். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கியிருந்தால், தவறவிட்ட ரயிலுக்கு உரிமையோடு எதுவும் கேட்க முடியாது.

கார் து லெஸ்டிலிருந்து கார் து நோர்?

நடங்கள். பத்து நிமிடம்.

கார் து லியோன், லியோன் நகரத்தில்தானே?

இல்லை, பாரிஸில். லியோனில் இருப்பது பார்-தியே நிலையம்.

கார் து லியோனிலிருந்து மோன்பர்னாஸ் நிலையம் போக?

14ஆம் மெட்ரோவில் ஒரே நிறுத்தம், பெர்சி. அங்கே 6க்கு மாறுங்கள். 91ஆம் பேருந்தும் போகும், ஆனால் 2025 முதல் மெட்ரோ டிக்கெட் பேருந்தில் செல்லாது.

பெர்லினில் 2006இல் ஒரே பெரிய நிலையம் கட்டிவிட்டார்களே, பாரிஸுக்கு என்ன கேடு?

பெர்லினில் சுவர் போன பிறகு நடுவிலேயே இடம் கிடந்தது. பாரிஸில் எதை இடிப்பது? இங்கே 19ஆம் நூற்றாண்டில் ரயில் கம்பெனிக்கு ஒரு நிலையம், அதுவும் அன்றைய ஊர் ஓரத்தில். 1900இல் மெட்ரோ வந்தபோது நகராட்சி அதைத் தன் சொத்தாகவே வைத்துக்கொண்டது. பெரிய ரயில்களை உள்ளே விடவில்லை. டி ரயில் கார் து நோரையும் கார் து லியோனையும் இணைத்ததே 1995இல்தான்.

அந்தச் சுரங்கத்திலேயே டி.ஜி.வி.யை விட்டால்?

கார் து நோருக்கும் ஷாத்லேவுக்கும் நடுவே ஆர்.இ.ஆர். பி, டி இரண்டும் ஒரே தண்டவாளத்தில் முட்டிமோதுகின்றன. அதில் நானூறு மீட்டர் நீள வண்டியையும் நுழைப்பீர்களா?

முடியும், மனசு வைத்தால்.

சரி, மனசை வைத்துவிட்டு மண்ணையும் நீங்களே தோண்டுங்கள்.

நோரிலிருந்து லியோனுக்கு 45 நிமிடம் போதுமா?

முதல் பதில்.

40?

அதே பதில்.

மூன்று மணி நேரம் இருக்கு அண்ணா. லாச்சப்பலில் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?

இதுதான் கேள்வி! கார் து நோருக்குப் பின்னாலேயே நம் தமிழ்க் கடைகள், ஐந்து நிமிட நடை. கொத்து ரொட்டி சாப்பிடுங்கள். டிக்கெட் ஒன்றா, இரண்டா?