பல்லாவரத்துக் கல் சொல்லும் சேதி

கேள்வி: ஆதிமனிதர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததற்குச் சென்னை அருகே சான்று உண்டென்கிறார்களே, எலும்பே கிடைக்காமல் வெறும் கல்லை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?
– வாசகர், பல்லாவரம்

பதில்: உங்கள் ஊரில்தான் 1863ஆம் ஆண்டு மே 30 அன்று, நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியத் தொல்பழங்கால ஆய்வையே தொடங்கிவைத்த கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் அறிந்த, கொசஸ்தலை ஆற்றுப்படுகையிலுள்ள அத்திரம்பாக்கமே இன்று முதன்மைச் சான்று.

அங்குள்ள கைக்கோடரி, இருபுறமும் சில்லு பெயர்த்து, உள்ளங்கையில் அடங்கும்படி நீர்த்துளி வடிவில் செதுக்கிய குவார்ட்சைட் கல். இதே வடிவம் கென்யாவில் ஏறத்தாழ 17.6 லட்சம் ஆண்டுப் பழமையுடன் கிடைக்கிறது. தரைமேல் கிடக்கும் கல்லில் அண்டக்கதிர்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் அணுக்களை உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்ததும் அந்த உற்பத்தி நின்று, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைவதால், எஞ்சிய விகிதமே புதைந்த காலத்தைக் காட்டிவிடும். அவ்வாறு கணித்து, தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். கென்யக் கருவி இதைவிடப் பழையது என்பதால், அங்கிருந்து வந்தோர் கொணர்ந்த நுட்பம் இது என்கிறார்கள். இக்கருவிகளைச் செய்தோர் நம் இனத்தவர் அல்லர். ஹோமோ சேப்பியன்ஸ் அப்போது தோன்றவேயில்லை.

சிக்கல் மேலடுக்கில் இருக்கிறது. கல்லை முன்கூட்டியே பதப்படுத்தி, ஒரே அடியில் வேண்டிய வடிவில் சில்லெடுக்கும் லெவல்வா நுட்பம், சுமார் 1.25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் இந்தியாவுக்கு வந்ததாகப் பலர் கருதியிருக்க, 2018இல் அதே குழுவினர் அங்கே அதற்கு 3.85 லட்சம் ஆண்டு வயது கணித்தனர். இதைக் கொண்டே நம் இனம் அப்போதே இங்கு வந்துவிட்டது என்று எழுதுவது, என் பார்வையில், அவசரம்; நுட்பம் இங்கேயே தனித்தும் வளர்ந்திருக்கலாம், செய்த கை எவருடையது என்பதைக் கல் சொல்வதில்லை.