க்ரூகரில் தூரத்தைக் குறைத்தால் விலங்கு கூடும்

கேள்வி: செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் நான்கு இரவுகள் தங்குகிறோம். வாடகைக் காரை நாங்களே ஓட்டலாமா? முழுப் பூங்காவையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: தாராளமாக ஓட்டலாம். அங்கும் இடப்பக்கப் போக்குவரத்துதான். முக்கியச் சாலைகள் தார் போட்டவை, சாதாரணக் காரே போதும். ஆங்கிலத்தில் அச்சான நம் லைசென்ஸ் செல்லும், ஆனாலும் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், வாடகைக்குத் தருபவர்கள் கேட்பதுண்டு. மலேரியா உள்ள பகுதி அது. மாத்திரைகளில் சிலவற்றைப் புறப்படும் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் தொடர வேண்டும் என்பதால் டாக்டரை முன்கூட்டியே பாருங்கள்.

முழுப் பூங்கா என்ற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். தெற்கு வடக்காக அது 350 கி.மீ.க்கு மேல் நீளம். தார்ச்சாலையில் 50 கி.மீ. வேகம் அனுமதி உண்டு. அப்படிப் போனால் புதருக்குள் நிற்பது எதுவும் கண்ணில் படாது. மணிக்கு 20, 25 என்றே கணக்குப் போடுங்கள். பூங்காவுக்குள் உள்ள தங்கும் முகாம்களில் ஸ்குகூசாவில் இரண்டு இரவு, சதாராவில் இரண்டு இரவு போதும். இடையே சுமார் 92 கி.மீ.தான், நின்று நின்று போக அரை நாளுக்கு மேல் பிடிக்கும்.

செப்டம்பரில் புல் காய்ந்து குட்டைகள் வற்றியிருக்கும். விலங்குகள் மிஞ்சிய தண்ணீரை ஒட்டியே நடமாடும். ஸ்குகூசாவிலிருந்து லோயர் சாபி முகாம் வரை ஆற்றோரமாகப் போகும் சாலை சிறுத்தைக்குப் பேர்போனது. அத்திமரங்களின் படுக்கைக் கிளைகளைப் பாருங்கள்; பல சமயம் தொங்கும் வால்தான் முதலில் தெரியும். இம்பாலா மான்கள் மேய்ச்சலை நிறுத்தி ஒரே திசையை வெறித்தால், இன்ஜினை அணைத்துக் காத்திருங்கள். சிங்கத்துக்கு சதாராவைச் சுற்றியுள்ள புல்வெளி நல்லது. வரிக்குதிரைக் கூட்டங்கள் அங்கேதான் அதிகம்.

முகாம் கேட் காலை 6 மணிக்குத் திறக்கும், மாலை 6க்கு மூடும். பலர் தடுமாறுவது மாலையில்தான்: ஐந்து மணிக்குச் சிங்கம் தென்படும், முகாமோ 30 கி.மீ. தள்ளி இருக்கும். தாமதமானால் அபராதம். அதனால் மூன்று மணிக்கு மேல் முகாமை நோக்கிய சாலையிலேயே இருங்கள்.

யானை விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஏமாற்றும். ஆப்பிரிக்கப் பெண் யானைக்கும் கன்னத்தில் நீர் வழியும், அது மதமல்ல. ஆண் யானைக்குச் சிறுநீர் சொட்டிச் சொட்டிப் பின்னங்கால்களின் உட்புறம் நனைந்திருந்தால் அதுதான் மதம். எந்த யானையிடமும் காரைப் பின்னால் எடுக்க இடம் விட்டே நில்லுங்கள், இன்ஜினை ஓடவிடுங்கள். பின்னால் வேறு கார்கள் நெருக்கி நின்றால், அந்தக் காட்சியை விட்டுவிட்டு முதலில் வெளியேறிவிடுங்கள்.