மனோரிக் கடலில் குடிநீர் எடுத்தால் மீனுக்கு என்ன ஆகும்?

கேள்வி: ஐயா, வட மும்பைக் கரையிலுள்ள மனோரியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வரப்போவதாகச் சொல்கிறார்கள். கோடைதோறும் குடத்தோடு காத்திருக்கும் எங்களுக்கு அது நல்ல செய்திதான். ஆனால், எங்கள் தெருவில் மீன் விற்கும், கோலி என்னும் மீனவச் சமூகத்து அம்மாள், "இனிமேல் பொம்பில் மீன் கிடைக்காது" என்று வருந்துகிறார். அவர் பயம் நியாயமானதா?
– ஒரு வாசகி, தாராவி, மும்பை

பதில்: நியாயமானதுதான் அம்மா. மும்பை மாநகராட்சி திட்டமிட்டுள்ள அந்நிலையம் முதற்கட்டத்தில் நாளொன்றுக்கு 20 கோடி லிட்டர் குடிநீர் தர வேண்டும். கடல்நீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்திச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் எதிர் சவ்வூடு பரவல் முறையில், எடுக்கும் கடல்நீரில் நூற்றுக்கு 40 முதல் 50 பங்குதான் குடிநீராகிறது. ஆகவே, அன்றாடம் 40 முதல் 50 கோடி லிட்டர் கடல்நீரை உறிஞ்ச வேண்டியிருக்கும். மிஞ்சுவது ஏறக்குறைய இரு மடங்கு உப்போடு கடலுக்கே திரும்பும்.

திரும்பும் உப்புநீரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் அதைவிட அதிகமாக அஞ்சுவது உறிஞ்சும் குழாயை. கடல்மீன்கள் பலவற்றின் முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். கண்ணாடி போலத் தெளிந்து, நீரோட்டம் போகும் பக்கமெல்லாம் மிதந்து போகும். பெரிய மீன் வலைத்தடுப்பில் மோதி ஒட்டிக்கொள்ளும். முட்டையும் குஞ்சும் தடுப்பைக் கடந்து உள்ளே போய், குளோரினிலும் வடிகட்டியிலும் மடிந்துவிடும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, மீன்கள் இனம் பெருக்கட்டும் என்று விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. கோலிகள் வருமானத்தை விட்டுக் காக்கும் அதே முட்டைகளை, அந்த 61 நாளும் நிற்காமல் ஒரு குழாய் இழுத்துக்கொண்டிருக்கும் என்பதை நினைத்தால் மனம் பதைக்கிறது. கலிபோர்னியா 2015-இல் வகுத்த விதிகள், கடலின் மேல்நீரை உறிஞ்சும் குழாய்க்கு ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையையும், நொடிக்கு 15 சென்டிமீட்டருக்கு மிகாத இழுவேகத்தையும் கட்டாயமாக்கின. நீந்தத் தெரிந்த மீனுக்கு அது பெரும் காப்பு. முட்டைக்கு முழுக் காப்பன்று.

உப்புநீர் கனமானது, கலக்காவிட்டால் அடித்தரையில் படிந்து பரவும். மீன் விலகிப் போய்விடும். சிப்பியும் புழுவும் எங்கே போகும்? மத்தியதரைக் கடலின் கடற்புல் படுகைகள் சிறிதளவு உப்பு கூடினாலே வாடுவதைக் கண்டிருக்கிறார்கள். பல துளைகள் வழியே வேகமாகப் பீய்ச்சிவிட்டால் விரைவில் கலந்துவிடும். மும்பையின் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, வலுவானது என்பதால் திறந்த கடலில் இது நன்றாகவே நடக்கும். குறுகிய கழிமுகத்திற்குள் விட்டால் நடக்காது. வெளியேற்றும் குழாய் எந்த இடத்தில், எவ்வளவு தூரத்தில் முடிகிறது என்பதைக் கோலி மக்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: அந்த உப்புநீரைக் கடலில் விடாமல், காயவைத்து உப்பாக விற்கலாமே?
– ஒரு வாசகர், மாட்டுங்கா

பதில்: நல்ல யோசனைதான், இடம்தான் இல்லை. நாளொன்றுக்கு 20 கோடி லிட்டர் மிஞ்சுகிறது, 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், 40 சதுர கிலோமீட்டர் உப்பளம் வேண்டும். அதிலும் மழைக்காலம் நான்கு மாதமும் ஒரு துளி காயாது.