மறதிநோய்: மாத்திரைக்கு முன் பார்க்க வேண்டியவை

நினைவாற்றல் கிளினிக் ஒன்றில் 11 ஆண்டுகளாக முதியவர்களுக்கு மூளைத் திறன் பரிசோதனை செய்துவருகிறேன். நான் டாக்டர் இல்லை, உளவியலாளர். அதனால் மருந்தின் அளவு கேட்டு எழுதியவர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: மேடம், அப்பாவுக்கு 78 வயது. போன வாரம் வரை பேப்பர் படித்தவர், மூன்று நாளாக ராத்திரியில் எழுந்து யாரையோ கூப்பிடுகிறார். டிமென்ஷியா ஆரம்பித்துவிட்டதா?

பதில்: டிமென்ஷியா என்கிற மறதிநோய் பொதுவாக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகர்ந்து வரும். இப்படித் திடீரென்று வரும் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். சிறுநீரில் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, மலச்சிக்கல், எப்போதோ விழுந்ததில் தலைக்குள் ரத்தக் கசிவு என்று எதுவும் காரணமாக இருக்கலாம். அரிப்புக்கும் சளிக்கும் நாம் சாதாரணமாகப் போடும் அவில்கூட வயதானவர்களைக் குழப்பிவிடும். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மாத்திரை டப்பாவை அப்படியே பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாட்டி பள்ளிக்கூடம் போகாதவர். பரிசோதனையில் 30-க்கு 14 வந்தது. நம்பலாமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து நான் நம்ப மாட்டேன். 1975-ல் அமெரிக்காவில் வந்த பரிசோதனை அது. 100-லிருந்து ஏழேழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, ஐங்கோணம் வரை என்று கேட்கும். பேனாவே பிடித்திராதவர் என்ன செய்வார்? இதற்காகவே ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தோதாக இந்தியில் ஒரு பரிசோதனையை உருவாக்கினார்கள். சென்னையும் வேலூரும் பங்கேற்ற 10/66 ஆய்வுக்குழுவும் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டது. (பெயர் விநோதமாக இருக்கிறதா? குழு தொடங்கிய காலத்தில் டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தார்கள். ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை. அதுதான் கணக்கு.)

நான் பாட்டிகளிடம் ரசம் வைக்கிற முறையைக் கேட்பேன். உப்பை விட்டுவிட்டால் பரவாயில்லை. "புளியைக் கரைக்கணும், அப்புறம்... புளியைக் கரைக்கணும்" என்று அங்கேயே சுற்றினால்தான் நிமிர்ந்து உட்காருவேன். இரண்டு வருடம் முன்பு எப்படி இருந்தார், இப்போது எதையெல்லாம் விட்டுவிட்டார் என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்வது இதைவிட முக்கியம்.

கேள்வி: வல்லாரை மாத்திரை, ஞாபகசக்தி லேகியம் வாங்கித் தரலாமா?

பதில்: வல்லாரைத் துவையல் ருசிக்காகச் சாப்பிடுங்கள். ஞாபகத்துக்கென்று உலகமெங்கும் விற்ற ஜிங்கோ என்ற மர இலைச் சாற்றையே அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் சுமார் 6 ஆண்டுகள் சோதித்தார்கள். டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்று 2008-ல் முடிவு வந்தது.

அந்தக் காசில் காதைப் பரிசோதியுங்கள். 14 காரணங்களைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் கணித்தது. காது கேளாமை, பிபி, சுகர், பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் அதில் உண்டு. காது மெஷின் பற்றி ஒரு எச்சரிக்கை. 2023-ல் வெளியான 3 ஆண்டு ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் மெஷின் கொடுக்கப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மூளைத் திறனில் வித்தியாசம் இல்லை. ஆபத்துக் காரணங்கள் கூடுதலாக இருந்தவர்களிடம் மட்டும் மூளைத் திறன் சரிவு 48 சதவீதம் குறைந்தது. கடைக்காரர் எல்லோருக்கும் உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள். நன்றாகக் கேட்டால் பேரப்பிள்ளைகளோடு பேசுவார்களே, எனக்கு அதுவே போதும்.

கேள்வி: அல்சைமருக்குப் புது ஊசி வந்திருக்கிறதாமே?

பதில்: அல்சைமர் என்பது டிமென்ஷியாவில் ஒரு வகை. நீங்கள் சொல்லும் ஊசி லெக்கனமாப். 18 மாதத்தில் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது, நிறுத்தவில்லை. ஆரம்பக் கட்டத்துக்கு மட்டும்தான். மூளையில் வீக்கமோ கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும்.

கேள்வி: அக்கா, மாமியார் தன் வளையலை நான் திருடிவிட்டதாக அக்கம்பக்கத்தில் சொல்கிறார். சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலில் நிற்கிறார். தூக்க மாத்திரை கேட்கலாம் என்கிறார் கணவர். என்னால் முடியவில்லை.

பதில்: படிக்கவே கஷ்டமாக இருந்ததும்மா. வைத்த இடம் மறந்துபோகிறது, அந்த இடைவெளியை மூளை ஒரு கதையால் நிரப்புகிறது. பக்கத்திலேயே இருப்பவர்தான் அதில் திருடி. "நான் எடுக்கவில்லை" என்று வாதாடாதீர்கள். "அச்சச்சோ, வாங்க அத்தை, தேடலாம்" என்று கூடவே தேடுங்கள்.

அவர் கேட்கும் வீடு அநேகமாகப் பிறந்த வீடு. "இதுதான் உங்க வீடு" என்றால் கோபம் கூடும். அங்கே கிணறு இருந்ததா, மாடு இருந்ததா என்று கேட்டுக்கொண்டே தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள். பசியா, மூட்டுவலியா, மலச்சிக்கலா என்று பாருங்கள்.

மாத்திரை கடைசியில். இந்த முரண்டை அடக்கச் சிலர் எழுதிக்கொடுக்கும் மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று 2005-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. தூக்க மாத்திரையில் தடுமாறி விழுகிற பயமும் உண்டு.

அப்புறம் உங்கள் விஷயம். நியூயார்க்கில் 406 பேர் கலந்துகொண்ட ஆய்வு ஒன்று உண்டு. கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டவர்களுக்கு ஆலோசனையும், குடும்பத்தை உட்காரவைத்துப் பேசும் கூட்டங்களும் கொடுத்தார்கள். நோயாளியைக் காப்பகத்தில் சேர்ப்பது சராசரியாக 557 நாள் தள்ளிப்போனது. ஆகவே கணவரையும் நாத்தனாரையும் ஒன்றாக உட்காரவைத்து, எந்த நாள் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். கிளினிக்குக்குக் கணவரும் வரட்டும்.

வளையலை அரிசி டப்பாவில் பார்த்தீர்களா? எனக்குத் தெரிந்து மூன்று வீடுகளில் அங்கேதான் இருந்தது.