குரோமை விட்டு எட்ஜுக்குப் போனால் வேகம் கூடுமா?

4 ஜிபி ரேம் மடிக்கணினியில் 15 டேப் திறந்தால் குரோம் திணறுகிறது, எட்ஜுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாமே உள்ளுக்குள் குரோமியம்தான், அதாவது குரோமுக்கும் அடித்தளமாக இருக்கும் அதே மென்பொருள்.

முதலில் குரோமிலேயே ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்துங்கள். குரோமின் டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் விழுங்குவது மேலே வந்துவிடும். பல நேரம் டேப் இல்லை, மறந்துபோன ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன்தான் (உலாவியில் கூடுதலாகச் சேர்த்த சிறு செயலி) அங்கே உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்குங்கள்.

அடுத்து செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் போய் மெமரி சேவரை ஆன் செய்யுங்கள். பார்க்காத டேப்கள் நினைவகத்திலிருந்து இறங்கிவிடும். திரும்பத் தொட்டால் பக்கம் மறுபடி லோடு ஆகும். வெப் மெயில், சாட் மாதிரி எப்போதும் ஓட வேண்டிய தளங்களை அங்கேயே உள்ள 'எப்போதும் ஆக்டிவ்' பட்டியலில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அவையும் இறங்கிவிடலாம். சிஸ்டம் பகுதியில், குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓடும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

விளம்பரம்தான் உண்மையான தொல்லை என்றால் ஃபயர்ஃபாக்ஸ் பாருங்கள். விளம்பரத்தைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷனான யூபிளாக் ஆரிஜின் முழுமையாக அதில் இன்னும் ஓடுகிறது. குரோமில் இப்போது அதன் வசதி குறைந்த லைட் பதிப்புதான். ஃபயர்ஃபாக்ஸுக்குப் போகும்போது குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளை சிஎஸ்வி (வெறும் எழுத்துப் பட்டியல்) கோப்பாக எடுத்து மாற்றினால், வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள். அதில் எல்லாம் அப்பட்டமாகத் தெரியும்.