மஞ்சள் கறுப்பானால் சந்தோஷம்

கேள்வி: சிலிக்கான் சோலார் பேனல்தான் நன்றாக உழைக்கிறதே, பெரோவ்ஸ்கைட் என்று புதிதாக ஒன்றின் பின்னால் ஏன் ஓடுகிறீர்கள்? அது எப்போது நம் கூரைக்கு வரும்?

பதில்: சிலிக்கானைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வெயிலிலும் மழையிலும் 25 வருடம் கிடந்து உழைக்கிற பொருள் அது. ஆனால் தனியாக அதன் திறன், அதாவது விழும் வெயிலில் மின்சாரமாக மாறும் பங்கு, 29 சதவீதம் சொச்சத்தைத் தாண்டாது. ஆய்வகங்களில் ஏற்கெனவே 27-ஐத் தொட்டாயிற்று. அதை உருக்கவே 1,414 டிகிரி சூடு வேண்டும்.

பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு குறிப்பிட்ட படிக அமைப்பு கொண்ட பொருள்களின் பெயர். அதற்கு 100 டிகிரி போதும். ஈய அயோடைடும் ஒரு கரிம உப்பும் கலந்த மஞ்சள் கரைசலைச் சுழலும் கண்ணாடித் துண்டின் மேல் விடுவேன். சுற்றிக்கொண்டிருக்கும்போதே, கரைப்பானை வெளியேற்ற இன்னொரு திரவத்தைச் சொட்ட வேண்டும். அந்த விநாடி தப்பினால் படலம் பொத்தலும் திட்டுமாகிவிடும். சரியாக விழுந்திருந்தால், சூடான தட்டில் வைத்ததும் கண்ணெதிரிலேயே கரும்பழுப்பாக மாறும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. தடிமன் அரை மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்). சிலிக்கான் வில்லைகளோ நூறு மைக்ரானுக்கு மேல்.

2009-இல் ஜப்பானின் மியாசகா குழு இதில் எடுத்த திறன் வெறும் 3.8 சதவீதம். இன்று 26-க்கு மேல். அயோடினில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு புரோமினைச் சேர்த்தால், அது உறிஞ்சும் ஒளியின் எல்லை நீலப் பக்கம் நகரும். அப்படிச் செய்த படலத்தைச் சிலிக்கான் மேல் போர்த்தினால் மேலது நீலத்தையும் பச்சையையும் சிவப்பில் பெரும்பகுதியையும் எடுத்துக்கொள்ளும், அகச்சிவப்பு கீழே போகும். இந்த ஜோடி, சிறிய செல்களில் 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. முழுக்க புரோமினே என்றால் பச்சை ஒளி வீசும். எல்.இ.டி. ஆட்களுக்கு அதனால்தான் இதன் மேல் ஒரு கண்.

சிக்கல் ஆயுளில். ஈரம் புகுந்தால் படலம் சிதைந்து மறுபடி மஞ்சள் ஈய அயோடைடாகிவிடும். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் அயோடினும் புரோமினும் தனித்தனியே பிரிந்து கூடிக்கொள்ளும். (ஒளிக்காகவே செய்த பொருள் ஒளியிலேயே கெடுவதை என்னவென்று சொல்வது!) ஆக்ஸ்போர்டு பிவி நிறுவனம் 2024-இல் முதல் ஜோடிப் பேனல்களை வாடிக்கையாளருக்கு அனுப்பியது. நீங்கள் வாங்கப்போகும்போது சதவீதத்தை அப்புறம் கேளுங்கள், முதலில் வாரண்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள்.

கேள்வி: ஈயம் ஆபத்தில்லையா?

பதில்: ஒரு சதுர மீட்டரில் ஒரு கிராமுக்கும் குறைவுதான். ஆனால் தண்ணீரில் கரையும் வடிவில் இருக்கிறது. அதனால், கண்ணாடி உடைந்தாலும் ஈயம் கசியாதபடி பிடித்துவைக்கும் பூச்சுகள் தயாராகின்றன. ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் போட்டும் பார்க்கிறார்கள். காற்று பட்டதும் அது ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடுவதால் திறன் இன்னும் பின்தங்கியே இருக்கிறது.