விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாம் இருக்கும் வீட்டுக்கு எந்த ரவுட்டர்?

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லா வகைக் கம்ப்யூட்டரும் உண்டு. அப்பா இன்னும் விண்டோஸ் 7 டெஸ்க்டாப்பில்தான் டேலி கணக்கு எழுதுகிறார். என்னுடையது விண்டோஸ் 11 லேப்டாப். மகளிடம் மேக்புக். மகன் தன் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டிருக்கிறான். இதுபோக ஒரு வைஃபை பிரிண்டர், வாசலில் ஒரு காமிரா. ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டியின் சிக்னல் மாடிக்கு எட்டுவதில்லை. பிளான் 200 எம்பிபிஎஸ். கடைக்காரர் ஆறு ஆன்டெனா உள்ள ரவுட்டரைக் காட்டி, "இதுதான் சார் சேஃப்டி" என்கிறார். எங்கள் வீட்டுக்கு எது ஒத்துவரும்?
(வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: ஆன்டெனாவுக்கும் பாதுகாப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதேபோல, இணைவது மேக்கா லினக்ஸா என்று ரவுட்டர் பார்ப்பதும் இல்லை. எல்லாம் ஒரே வைஃபை முறைகளில்தான் பேசுகின்றன. நீங்கள் பார்க்க வேண்டியது அவற்றின் வயதை.

இப்போது வாங்கும் ரவுட்டரில் டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். வைஃபையில் போகும் தகவலை மற்றவர் படிக்காமல் காக்கும் பூட்டு இது, 2018-ல் வந்தது. இதற்கு முந்தையது டபிள்யூபிஏ2. விண்டோஸ் 11, கடந்த சில ஆண்டுகளில் வந்த மேக்புக், புதிய லினக்ஸ் எல்லாவற்றுக்கும் இது தெரியும். விண்டோஸ் 7-க்குத் தெரியாது. பழைய பிரிண்டருக்கும் அநேகமாகத் தெரியாது. அதற்காக வீடு முழுவதையும் பழைய பூட்டுக்கு இறக்க வேண்டாம். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் சேர்த்து ஏற்கும் கலப்பு முறை பெரும்பாலான புது ரவுட்டர்களில் உண்டு. அதிலும் பிரிண்டர் முரண்டு பிடித்தால், ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும் டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் என்று வைத்துவிட்டு, 5 கிகாஹெர்ட்ஸில் கலப்பு முறையை வையுங்கள். எப்படி இருந்தாலும் டபிள்யூஇபி, டிகேஐபி என்ற பழைய முறைகள் பக்கம் போக வேண்டாம். டபிள்யூஇபி 2001-லேயே உடைக்கப்பட்டது. டிகேஐபி-யைத் தேர்ந்தெடுத்தால் பாதுகாப்பு குறைவதோடு, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும்.

டபிள்யூபிஏ2 இருக்கும் வரை பாஸ்வேர்டுதான் முக்கியம். நம் ஊரில் பாதி வீடுகளில் வைஃபை பாஸ்வேர்டு என்பது வீட்டுக்காரரின் மொபைல் நம்பர். டபிள்யூபிஏ2-வில் ஒரு முறை இணைப்பு நடக்கும்போது காற்றில் போவதைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் தன் வீட்டில் உட்கார்ந்து நிதானமாக ஊகித்துப் பார்க்கலாம். பத்து இலக்க எண் என்றால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டுக்கு அது சில மணி நேர வேலை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து எழுதுங்கள். டபிள்யூபிஏ3-ல் இப்படி எடுத்துப்போய் ஊகிக்க வழியில்லை. அதன் பெரிய லாபமே அதுதான்.

சரி, கடையில் என்ன கேட்பது? முதலில், கேபிள் போர்ட்டுகள் கிகாபிட்டா (அதாவது 1000 எம்பிபிஎஸ்) என்று கேளுங்கள். பெட்டியில் ஏசி1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது 2.4-ன் 300-ஐயும் 5-ன் 867-ஐயும் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்ட விளம்பரக் கணக்கு. மலிவான மாடல்கள் பலவற்றில் கேபிள் செருகும் போர்ட்டு 100 எம்பிபிஎஸ்தான். உங்கள் 200 பிளானில் பாதி அந்த வாசலிலேயே நின்றுவிடும். எத்தனை ஆன்டெனா இருந்தும் பயனில்லை. அடுத்து, பழைய டெலிபோன் கம்பி இணைப்புக்கான ஏடிஎஸ்எல் மோடம் சேர்ந்ததைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள், கவனம். ஃபைபருக்கு அது தேவையில்லை. இணையம் உள்ளே வரும் ஈதர்நெட் வேன் (WAN) போர்ட்டு உள்ள சாதாரண ரவுட்டர் போதும். ஃபைபர் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து இதற்கு ஒரு கேபிள். மாடிப்படிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

மாடல் பெயர் ஒன்றைச் சொல்லுங்கள் என்பீர்கள். தயங்குகிறேன், காரணம் உண்டு. ஒரே மாடல் பெயரில் வெர்ஷன் 1, வெர்ஷன் 2 என்று உள்ளே வேறு வேறு சிப்போடு விற்கிறார்கள். அப்டேட்டும் வெர்ஷனுக்கு வெர்ஷன் வேறு. அதனால் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து, அந்த வெர்ஷனுக்குக் கடைசியாக எப்போது ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) வந்தது என்று தயாரிப்பாளரின் தளத்தில், கடையில் நின்றபடியே போனில் பாருங்கள். இரண்டு வருடமாக ஒன்றும் வரவில்லை என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். என்னைக் கேட்டால் ரவுட்டரில் காசு கொடுத்து வாங்குவதே இந்த அப்டேட்டைத்தான். தானாகவே அப்டேட் செய்துகொள்ளும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. மகன் லினக்ஸ் ஆள் என்பதால், ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்கும் வெர்ஷனா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி கைவிட்ட பிறகும் பல காலம் ஓட்டலாம்.

வாங்கி வந்ததும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு எண்ணை அடித்து இணையும் டபிள்யூபிஎஸ் பின் வசதியை அணையுங்கள். அது 8 இலக்கம்தான். அதையும் ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் விழுந்துவிடும் என்று 2011-லேயே தெரிந்துபோனது. வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட்டும் வேண்டாம். காமிராவை கெஸ்ட் நெட்வொர்க்கில் (வீட்டுக் கம்ப்யூட்டர்களை எட்ட முடியாத தனி வைஃபை) போடுங்கள். 2016-ல் மிராய் என்ற தாக்குதல் நிரல் பாஸ்வேர்டு மாற்றாத காமிராக்களையும் ரவுட்டர்களையும்தான் படை திரட்டியது. பிரிண்டரை மட்டும் கெஸ்ட்டில் போட்டுவிடாதீர்கள், மகளின் மேக்புக் அதைத் தேடிக்கொண்டே இருக்கும்.

ரவுட்டரில் ஹார்டு டிஸ்க் செருகிப் பகிரும் ஆசை இருந்தால், ஃபைல் பகிரும் முறையான எஸ்எம்பி-யில் 2 அல்லது 3 உண்டா என்று பாருங்கள். எஸ்எம்பி 1 மட்டும் என்றால் அப்பாவின் கம்ப்யூட்டரில் தெரியும், உங்கள் விண்டோஸ் 11-ல் தெரியாது. பகிராமலே இருந்துவிடலாம் என்பது என் கட்சி.

புது ரவுட்டர் வைத்ததும் மகனின் லேப்டாப்பில் வைஃபை பெயரே வராமல் போகலாம். புதுத் தலைமுறை வைஃபை 6 சிக்னலைச் சில பழைய டிரைவர்கள் (வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருள்) கண்டுகொள்வதில்லை. டிரைவரை அப்டேட் செய்தால் பெரும்பாலும் சரியாகும். இல்லையென்றால் 2.4-ல் மட்டும் வைஃபை 6-ஐ அணைத்துப் பாருங்கள்.

அப்பாவின் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் ரவுட்டர் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட்டின் பொது ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. டேலி மட்டும்தான் என்றால் நெட் இணைப்பே கொடுக்க வேண்டாம், பிரிண்டருக்கு ஒரு யூஎஸ்பி கேபிள் போதும். ஜிஎஸ்டி, பேங்க் வேலைகளை உங்கள் லேப்டாப்பில் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: வைஃபை பெயரை மறைத்து, மேக் அட்ரஸ் ஃபில்டரும் போட்டிருக்கிறேன். போதாதா?

பதில்: போதாது. பெயரும், ஒவ்வொரு கருவியின் அடையாள எண்ணான மேக் அட்ரஸும் (மேக்புக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) காற்றில் மறைக்கப்படாமலே போகின்றன, இலவச மென்பொருள் வைத்திருப்பவர் பார்த்துவிடுவார். இப்போதைய போன்கள் மேக் அட்ரஸை மாற்றிக் காட்டுவதால் உங்களுக்குத்தான் தொல்லை.

கேள்வி: தெரிந்தவர் தன் பழைய ரவுட்டரை 500 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: டபிள்யூபிஏ3 இருந்து, அப்டேட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தால் வாங்கலாம். ரீசெட் பொத்தானை அழுத்திப் பழைய அமைப்பை அழித்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றிய பிறகு பயன்படுத்துங்கள். அடாப்டரையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.